யோசனை சொல்லும் உத்தியோகம்

என் தங்கை மகனுக்கு ஒரு பல்கலைக் கழகத்தில் வேலை கிடைத்தது. என்ன வேலை என்று விசாரித்தேன்.

"மத்தவங்களுக்கு என்ன வேலை பொருந்தும்னு யோசனை சொல்ற வேலை, மாமா" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனோதத்துவத்தில் எம்.ஏ. படித்து முடித்து, எந்த வேலைக்குப் போவது என்று தெரியாமல் இரண்டு வருஷம் வீட்டுத் திண்ணையைத் தேய்த்தவன் அவன். அப்புறம் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் நாலு வருஷம் குப்பை கொட்டினான். அவனைக் கூப்பிட்டு ஊரார் பிள்ளைகளுக்கு வழி காட்டு என்கிறார்கள்! ஆனால் நான் சிரித்தது தப்பு என்று இப்போது படுகிறது. அந்த உத்தியோகத்தை முதன்முதலில் உண்டாக்கிய மனுஷரின் கதையும் ஏறக்குறைய இதுதான்.

வேலையில் சேர்ந்த மூன்றாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைத் தேடிக்கொண்டு வந்தான். முகம் சரியாக இல்லை. காப்பியைக் குடித்துவிட்டுத் தன் காரியாலயத்து வைபவங்களைச் சொன்னான். அவனுக்குக் கொடுத்திருக்கும் அறை மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு பீரோ. பீரோ நிறைய முன்பு இருந்தவர் விட்டுப்போன பழைய கம்பெனி விளம்பரங்கள். அவனை எந்த ஜாதியில் சேர்ப்பது என்று அங்கே யாருக்கும் விளங்கவில்லை. வாத்தியார்கள் அவனைக் குமாஸ்தா என்று நினைக்கிறார்கள். குமாஸ்தாக்களோ வாத்தியார் என்று எண்ணி எழுந்து ஒதுங்குகிறார்கள். மத்தியானச் சாப்பாட்டு டப்பாவை எந்தக் கூட்டத்தோடு உட்கார்ந்து திறப்பது என்பதே முதல் வாரத்துப் பெரிய பிரச்னையாக இருந்ததாம். மேலதிகாரி மாதக் கடைசியில் ஓர் எண்ணிக்கை கேட்கிறார்: எத்தனை பேருக்கு வேலை ஆயிற்று? கம்பெனிக்காரர்கள் வேறோர் எண்ணிக்கை கேட்கிறார்கள்: எத்தனை பேர் தேறுவார்கள்? எதிர் நாற்காலியில் வந்து உட்காருகிற பையன்கள் எண்ணிக்கை எதுவும் கேட்பதில்லை. "நான் என்ன சார் செய்யட்டும்?" என்கிறார்கள்.

அப்படி ஒரு பையன் வந்திருக்கிறான். கணிதம், கடைசி வருஷம். தகப்பனாருக்குப் பெட்டிக்கடை. கீழே இரண்டு தங்கைகள். பையனுக்குக் கணிதத்திலேயே ஆராய்ச்சி செய்ய ஆசை. என் மருமான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, பதினைந்து நிமிஷத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டான்: "முதல்லே பாங்க் பரீட்சை எழுதுப்பா. குடும்பம் நிமிரட்டும்." பையன் "சரி சார்" என்றான். கையில் வைத்திருந்த காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

"எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தா நிம்மதியா இருந்திருப்பேன், மாமா. நான் சொன்னது தப்புன்னு கூடச் சொல்ல முடியாது. ஆனா, சொல்றதுக்கு நான் யாரு?"

கதை எழுதுகிறவனிடம் வந்து இப்படிக் கேட்டால் அவன் பதிலுக்கு எங்கே போவான்? அவனிடம் இருப்பது கதைதான். ஒரு மாத காலம் புஸ்தகங்களைப் புரட்டி நான் சேகரித்ததை அவனுக்குச் சொன்னேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சர்வகலாசாலைகள் இந்தக் காரியத்தில் இறங்கியது அப்படியொன்றும் பழைய சங்கதி அல்ல. 1892இல் ஆக்ஸ்போர்டில் ஒரு நியமனக் குழு ஏற்பட்டது. 1899இல் கேம்பிரிட்ஜில் அதே நோக்கத்தோடு ஒரு சங்கம் தோன்றி, 1902இல் அதிகாரபூர்வமான போர்டாக மாறியது. அங்கே உட்கார்ந்தவருக்கு ஆலோசகர் என்று பெயர் இல்லை, காரியதரிசி. எந்தப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் வேண்டும், எந்தப் பேராசிரியர் எந்தப் பையனைப் புகழ்கிறார் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நல்ல கடிதம் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். கல்யாணத் தரகருடைய திறமைதான். தரகரைக் குறைத்துச் சொல்லவில்லை. அவரால் நடந்த நல்ல கல்யாணங்கள் எத்தனையோ உண்டு. ஆனால் பெண்ணின் மனசைக் கேட்பதைத் தம் பொறுப்பாக எந்தத் தரகரும் எடுத்துக்கொண்டதில்லை. 1930களில் நம் தேசத்தில் கல்கத்தா சர்வகலாசாலையில் ஏற்பட்ட போர்டுக்கும் இந்த நியமனம் என்ற சொல்லே பெயரில் ஒட்டிக்கொண்டது.

மனசைக் கேட்கவேண்டும் என்று புறப்பட்டவர் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கத்தில் இருந்தார். அவர் பெயர் பிராங்க் பார்சன்ஸ்.

1854இல் நியூ ஜெர்ஸியில் பிறந்தவர். கார்னெல் சர்வகலாசாலையில் என்ஜினீயரிங் படித்து 1873இல் பத்தொன்பது வயது நிறையுமுன்பே தேறிவிட்டார். ரயில்வேக் கம்பெனி ஒன்றில் வேலை. அதே வருஷம் அமெரிக்காவைப் பணமுடை பிடித்து உலுக்கியது. கம்பெனி திவாலாகி வேலை போயிற்று. இரும்பு உருட்டும் ஆலையில் கூலிக்குப் போனார். பிறகு பள்ளிக்கூட வாத்தியார். யாரோ, வக்கீலுக்குப் படியேன் என்றார்கள், படித்தார். 1881இல் தேறினார், தேறின கையோடு உடம்பு கெட்டு, நியூ மெக்ஸிகோவின் வறண்ட காற்றில் மூன்று வருஷம் கிடந்தார். திரும்பி வந்து சட்டப் புஸ்தகங்கள் எழுதினார். 1892 முதல் பாஸ்டன் சர்வகலாசாலையில் சட்டம் சொல்லிக் கொடுத்தார். 1895இல் பாஸ்டன் நகர மேயர் தேர்தலுக்கு நின்று தோற்றார். காஸ் விளக்கும் டிராம் வண்டியும் முதலாளிகளிடம் இருக்கக்கூடாது, ஊருக்குச் சொந்தமாக வேண்டும் என்பது அவருடைய கட்சி. 1897இல் கான்ஸாஸில் ஒரு விவசாயக் கல்லூரிக்குப் பேராசிரியராகப் போனார். அங்கே அரசியல் காற்று மாறியதும் 1899இல் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு, ஐம்பது வயதைத் தாண்டி, பாஸ்டன் நகரத்தின் வடகோடியில் சிவிக் சர்வீஸ் ஹவுஸ் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். இத்தாலியிலிருந்தும் ருஷ்யாவிலிருந்தும் பிழைக்க வந்த ஏழைகள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த பேட்டை அது. பாலின் அகாஸிஸ் ஷா என்ற சீமாட்டி பணம் கொடுத்து ஏற்படுத்திய ஸ்தாபனம். அதன் தலைவர் மேயர் புளூம்ஃபீல்ட், ருமேனியாவில் பிறந்து, நியூயார்க்கின் ஏழைத் தெருக்களில் வளர்ந்து, ஹார்வர்டில் படித்தவர். பார்சன்ஸ் ஒரு கூட்டத்தில், பள்ளிக்கூடத்தை முடிக்கும் பிள்ளைகளுக்குத் தொழில் தேர்ந்தெடுக்க உதவி வேண்டும் என்று பேசினார். அதைக் கேட்ட புளூம்ஃபீல்ட், அப்படிப்பட்ட பையன்களிடமே வந்து இதைப் பேசும்படி அழைத்தார். பேச்சு முடிந்ததும் பையன்கள் கலையவில்லை. ஒவ்வொருவனாக வந்து, "ஐயா, உங்களோடு தனியாகப் பேச வேண்டும்" என்று நின்றார்கள்.

1908 ஜனவரி 13ஆம் தேதி வொகேஷன் பீரோ என்ற பெயரில் காரியாலயம் திறந்தது. மே மாதத்தில் பார்சன்ஸ் முதல் அறிக்கை கொடுத்தார். சுமார் எண்பது பேர் வந்திருந்தார்கள். சிறியவருக்குப் பதினைந்து வயது, பெரியவருக்கு எழுபத்திரண்டு! இந்த எழுபத்திரண்டு வயதுக்காரரைப் பற்றி எனக்கு ஒரு கதையே எழுத ஆசை. எந்த வேலைக்குப் போகலாம் என்று கேட்க அந்த வயதில் படியேறி வந்தாரே!

பார்சன்ஸ் என்ன செய்தார்? நூற்றுக்கு மேற்பட்ட கேள்விகள் எழுதிய தாளைக் கொடுத்து வீட்டிலிருந்து நிரப்பிக்கொண்டு வரச் சொன்னார். அதில், கண்ணாடியில் உன் முகத்தைப் பார், சிரித்துப் பார் என்பது போன்ற கட்டளைகள் கூட உண்டு. பிறகு எதிரே உட்கார வைத்துப் பேசினார். முதலில் உன்னைத் தெரிந்துகொள். அடுத்து, தொழில்களைத் தெரிந்துகொள். அவற்றில் என்ன கூலி, என்ன கஷ்டம், என்ன எதிர்காலம் என்று பார். பிறகு இரண்டையும் பொருத்தி யோசி. இவ்வளவுதான் அவருடைய சாஸ்திரம். முடிவைப் பையன்தான் செய்ய வேண்டும், ஆலோசகர் செய்யக்கூடாது என்பதைக் கண்டிப்பாக எழுதி வைத்திருக்கிறார்.

எழுதி வைத்தார் வாஸ்தவம். ஆனால் பேசிக்கொண்டிருக்கும்போது மனுஷர் பையனுடைய தலையின் வடிவத்தையும் கவனித்துக்கொண்டிருந்தார்! காதுக்கு முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு, மேலே எவ்வளவு என்று. மண்டையோட்டைப் பார்த்துக் குணத்தைச் சொல்லலாம் என்ற நம்பிக்கை அந்தக் காலத்தில் படித்தவர்களையும் விட்டபாடில்லை. நம்மூர் சாமுத்திரிகா லக்ஷணத்துக்குப் பெரியப்பா பிள்ளை முறை.

டாக்டராக வேண்டும் என்று அவரிடம் ஒரு பையன் வந்தான். வயது பத்தொன்பது. ஒடிசல் தேகம், ஒட்டிய கன்னம். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசியும் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. கேட்ட கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில். கை குலுக்கினால் அதில் உயிரில்லை. வைத்தியப் படிப்புக்குப் பண வசதியும் கிடையாது. இதையெல்லாம் பார்சன்ஸ் மறைக்காமல் அவன் முன்னே அடுக்கினார். நோயாளியின் அறைக்குள் டாக்டர் நுழைந்தால் நோயாளிக்குத் தெம்பு வரவேண்டாமா என்று கேட்டார். முடிவு உன்னுடையது என்று சொல்லியிருப்பார், சந்தேகமில்லை. ஆனால் அந்த மேஜைக்கு இந்தப் பக்கம் பிரொபஸர், அந்தப் பக்கம் பத்தொன்பது வயதுப் பரதேசி. முடிவு யாருடையதாக இருந்திருக்கும்?

அந்தக் காலத்தில் நான் பாஸ்டனில் இருந்து அவர் முன்னே போய் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். பதினெட்டு வயதில் எனக்கும் சிரிப்பு வராது.

காரியாலயம் திறந்த ஒன்பதாவது மாதம், 1908 செப்டம்பர் 26ஆம் தேதி பார்சன்ஸ் இறந்து போனார். அவர் குறித்து வைத்திருந்தவற்றைச் சிநேகிதர் ஒருவர் தொகுத்து 1909இல் புஸ்தகமாகக் கொண்டுவந்தார். தம்மைப் போன்ற ஆலோசகர்களைத் தயாரிக்க பாஸ்டன் ஒய்.எம்.சி.ஏ.யில் ஒரு பள்ளிக்கூடம் நடத்தவும் அவர் திட்டமிட்டிருந்தார். கல்லூரிகளுக்கும் சர்வகலாசாலைகளுக்கும் அங்கிருந்து ஆட்கள் போகவேண்டும் என்பது அவர் எண்ணம். அதை வேறு விதத்தில் புளூம்ஃபீல்ட் நிறைவேற்றினார். 1911 கோடைக்கால வகுப்பில் ஹார்வர்டில் இதைப் பாடமாகவே நடத்தினார். 1917இல் அந்த பீரோவே ஹார்வர்டுக்குக் குடிபெயர்ந்தது. வடகோடிப் பேட்டையில் பிறந்த குழந்தை சர்வகலாசாலைக்குச் சுவீகாரம் போய்விட்டது. நல்ல வீடுதான், ஆனால் எழுபத்திரண்டு வயதுக் கிழவர் அங்கே படியேறி வரமாட்டார்.

தலையின் வடிவத்தைப் பார்ப்பது நின்றுபோயிற்று. அதனிடத்தில் பரீக்ஷைகள் வந்தன. மின்னஸோட்டா சர்வகலாசாலைதான் இதில் பெரிய கை. 1930களின் தொடக்கத்தில் தேசம் முழுவதும் வேலையில்லாத் திண்டாட்டம். அங்கே இருந்த மனோதத்துவக்காரர்கள் வேலையிழந்தவர்களைக் கூப்பிட்டு, விரலின் வேகம், கண்ணின் கூர்மை, எண்களை ஒப்பிடும் திறமை எல்லாவற்றையும் அளந்தார்கள். 1932இல் மாணவர்களை அளக்க அங்கே ஒரு காரியாலயம் ஏற்பட்டது. அதன் தலைவர் வில்லியம்ஸன். 1939இல் அவர் எழுதிய புஸ்தகத்தில் ஆலோசகர் செய்யவேண்டியது ஆறு படிகளாக வகுக்கப்பட்டிருக்கிறது. விவரம் சேகரி, தொகு, கோளாறைக் கண்டுபிடி, பின்னால் என்ன ஆகும் என்று கணி, யோசனை சொல், பிறகு தொடர்ந்து கவனி. முழுக்க முழுக்க வைத்தியர் முறை. யோசனை சொல்வது ஐந்தாவது படியில்தான் வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். என் மருமான் முதல் படியிலிருந்து ஐந்தாவதுக்குத் தாவினவன்.

இந்த வில்லியம்ஸனை வில்லனாக்க எனக்கு இஷ்டமில்லை. உனக்கு எட்டாத மரத்தில் ஏறாதே என்று தெரிந்தவன் சொல்லாமல் வாய் மூடி உட்கார்ந்திருப்பது என்ன தர்மம் என்பது அவர் கட்சி. பணக்காரப் பையன் மூன்று தரம் விழுந்து எழுந்திருக்கலாம். பெட்டிக்கடைக்காரர் மகனுக்கு விழ ஒரு தரம்தான் இடம் உண்டு.

1940 டிசம்பர் 11ஆம் தேதி, அந்த மின்னஸோட்டாவுக்கே ஒருவர் வந்து ஒரு பிரசங்கம் செய்தார். கார்ல் ராஜர்ஸ், வயது முப்பத்தெட்டு. ரோச்சஸ்டர் நகரத்தில் பன்னிரண்டு வருஷம் கஷ்டப்பட்ட குழந்தைகளோடு காலம் கழித்துவிட்டு, அந்த வருஷம்தான் ஒஹையோ சர்வகலாசாலைக்குப் பேராசிரியராகப் போயிருந்தார். அவரும் தம் காரியாலயத்துக்குப் புதிது. யோசனை சொல்வது, புத்தி சொல்வது, தேற்றுவது இவையெல்லாம் பழைய முறை. வந்தவன் பேசட்டும், அவன் சொன்னதன் உள்ளர்த்தத்தை அவனுக்கே திருப்பிக் காட்டினால் போதும், அவன் வழியை அவனே காண்பான் என்றார். யோசனை சொல்வதையே ஜீவனமாக வைத்திருந்த ஊரில் போய்! சபை கொந்தளித்தது. சிலர் புகழ்ந்தார்கள், சிலர் பாய்ந்தார்கள், சிலர் திருதிருவென்று விழித்தார்கள். தம்முடைய மார்க்கம் பிறந்த தினம் அதுதான் என்று பிற்காலத்தில் ராஜர்ஸ் சொல்லிக்கொண்டார்.

ஒஹையோவில் அவர் இன்னொன்றும் செய்தார். எனக்கு அதுதான் பிரசங்கத்தைவிடப் பெரிதாகப் படுகிறது. ஆலோசகரும் மாணவரும் பேசுவதைக் கிராமபோன் தட்டுகளில் பதிவு செய்தார்கள். ஒரு தட்டு மூன்று நிமிஷத்துக்குத்தான் காணும். இரண்டு யந்திரங்களை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி ஓட்டவேண்டும். பிறகு தட்டைச் சுழலவிட்டு ஆலோசகரையே கேட்கச் சொன்னார்கள். இந்த உத்தியோகத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு அதுபோல ஒரு தண்டனையும் கிடையாது, அதுபோல ஒரு பாடமும் கிடையாது. பேட்டி முடிந்தபின் ஆலோசகர் ஞாபகத்திலிருந்து எழுதிய குறிப்பையும் தட்டையும் ஒப்பிட்டார்கள். நடந்ததில் பெரும்பகுதி குறிப்பில் இல்லவே இல்லை. இன்னொருவர் வார்த்தைகளை எண்ணினார். யோசனை சொல்லும் கட்சியைச் சேர்ந்த ஆலோசகர்கள், கேட்கும் கட்சிக்காரர்களைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு பேசியிருந்தார்கள். பையன் பேசவந்த இடத்தில் ஆலோசகர் பேசிவிட்டுப் போயிருக்கிறார்!

1942இல் ராஜர்ஸின் புஸ்தகம் வெளிவந்தது. ஒரே ஆளோடு நடத்திய எல்லாப் பேட்டிகளும் தட்டிலிருந்து சொல்லுக்குச் சொல் அதில் அச்சாயின. அந்த மாதிரி அதற்கு முன்பு யாரும் செய்ததில்லை. நாவலாசிரியர்கள் அதைப் படிக்கவேண்டும். சம்பாஷணை எழுதத் தெரியும் என்ற கர்வம் கொஞ்சம் இறங்கும்.

யுத்தம் முடிந்ததும் இந்தச் சண்டை ஏட்டுச் சண்டையாக இல்லாமல் போயிற்று. 1944இல் இயற்றிய சட்டத்தின்படி, சண்டையிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு அமெரிக்க சர்க்கார் படிப்புச் செலவு கொடுத்தது. சுமார் இருபத்திரண்டு லட்சம் பேர் கல்லூரிகளுக்குள் புகுந்தார்கள். 1947இல் கல்லூரி மாணவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அவர்கள்தான். அவர்களுக்கு வழி சொல்ல சர்வகலாசாலைகளில் அவசர அவசரமாகக் காரியாலயங்கள் திறந்தார்கள். ஆலோசகர் நாற்காலியில் புதிதாக உட்கார்ந்தவர்களில் பலர் அப்போதுதான் படிப்பை முடித்தவர்கள். எதிரே வந்து உட்கார்ந்தவனோ மரணத்தை நேரே பார்த்துவிட்டு வந்தவன். பெண்டாட்டி பிள்ளை உள்ளவன். அவனிடம் போய், உனக்கு எண்களை ஒப்பிடும் திறமை சராசரிக்குக் கீழே என்று எப்படிச் சொல்வது? அப்படிப்பட்டவனிடம் வெறுமே கேட்டுக்கொண்டிருந்தாலும், சட்டப்படி எத்தனை மாதம் பணம் வரும் என்று தெளிவாகச் சொல்லத் தெரிந்திருக்கவும் வேண்டும். இரண்டு கட்சியும் அங்கே மண்டியிட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

இங்கிலாந்தில் இவ்வளவு அமளி இல்லை. அங்கே காரியதரிசிகள் வெகுகாலம் காரியதரிசிகளாகவே இருந்தார்கள். பட்டாளத்திலிருந்தும், குடியேற்ற நாட்டு உத்தியோகங்களிலிருந்தும் ஓய்ந்து வந்தவர்கள் சிலரும் அந்த நாற்காலிகளில் அமர்ந்தார்கள். மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பேசுவதைப் பார்த்துத் தொழில் கற்றுக்கொள்வதுதான் முறை. 1964இல் ஹேவொர்த் பிரபு தலைமையில் ஒரு குழு இந்த போர்டுகளைப் பற்றி அறிக்கை கொடுத்தது. 1967இல் அவர்கள் எல்லாரும் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள்.

இதையெல்லாம் மருமானிடம் சொல்லிக்கொண்டு வரும்போது என் கதையும் வாயில் வந்துவிட்டது. கல்லூரியில் நான் கணக்கில் தவறினேன். அங்கே இருந்த பெரியவர் ஒருவர் கூப்பிட்டனுப்பினார். கெட்டவர் அல்ல. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "உனக்குப் படிப்பு வேண்டாம்ப்பா. எங்கேயாவது கடையிலே சேர்ந்து கணக்கு எழுது" என்றார். கணக்கில் தவறினவனைக் கணக்கு எழுதச் சொன்னார்! நானும் "சரி சார்" என்றுதான் சொன்னேன். ஒரு தானிய மண்டியில் ஒன்றரை வருஷம் எழுதினேன். மூட்டைகளுக்கு நடுவில் கேட்ட பேச்சுக்கள்தான் என் முதல் பத்துக் கதைகள். அவர் யோசனை சரியா, தப்பா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் அன்றைக்கு, "நீ என்னப்பா நினைக்கிறே?" என்று கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்பதை அடிக்கடி யோசித்துப் பார்க்கிறேன். அதுவும் தெரியவில்லை.

மருமான் ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறினான். பதினைந்து நாள் கழித்து மறுபடி வந்தான். வகுப்புக்கு ஆளனுப்பி அந்தப் பையனைக் கூப்பிட்டானாம்.

"இந்தத் தடவை நான் வாயைத் திறக்கிறதில்லைன்னு இருந்தேன், மாமா. அவனும் திறக்கலே. சுவர்க் கடியாரத்தைப் பார்த்துக்கிட்டு ரெண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். பெரிய கஷ்டம்."

"அப்புறம்?"

"அப்புறம் அவன் கேட்டான், ஆராய்ச்சிக்குச் சேர்ந்தா மாசம் உதவிச் சம்பளம் எவ்வளவு சார், அது எத்தனாந் தேதி கைக்கு வரும், அதிலே வீட்டுக்கு அனுப்ப முடியுமான்னு. எனக்கு ஒண்ணும் தெரியலே, மாமா. ஆராய்ச்சி வேண்டாம்னு அவனுக்குச் சொன்னேனே, அதுக்கு என்ன சம்பளம்னு கூட எனக்குத் தெரியாது."

இப்போது அதைத்தான் விசாரித்துக்கொண்டிருக்கிறான். பீரோவிலிருந்த பழைய விளம்பரங்களை எடைக்குப் போட்டுவிட்டு, வேறு காகிதங்கள் சேர்த்துக்கொண்டிருக்கிறானாம். சாப்பாட்டு டப்பாவைக் கணித இலாகாவின் குமாஸ்தாவோடு உட்கார்ந்து திறக்கிறான். பணம் எந்தத் தேதியில் வருகிறது என்பது அவருக்குத்தான் தெரியுமாம். பையன் அடுத்த செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறான்.